பிஸ்டலுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் இரண்டு பிஸ்டல்கள் இருந்தன. கோலார் தங்கவயலின் ஊரிகத்தில், எங்கள் லைன் வீட்டு வரிசையில் இரண்டு ஃபேன் ஓடுகிற வீடே குறைவு. இதில் இரண்டு பிஸ்டல் என்றால் கேட்கிறவர்கள் ஏதோ ரவுடி வீடு என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஒன்று என் வீட்டுக்காரருடையது. சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் அங்கே காவல் பிரிவில் இருந்தார். சுரங்கத்தை மூடிய பிறகு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நகைக்கடன் கடை வாசலில் நிற்கிற வேலை கிடைத்தது. சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் வைத்திருக்கிற காவலாளிக்குத் தனி மரியாதை என்று யாரோ சொல்ல, நாயாய் அலைந்து லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய பிஸ்டலை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டார். இன்னொன்று என் மகளுடையது. அவள் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். அவளுடையது சர்க்கார் கொடுத்த புது மாடல்.

நான் பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். தினமும் காலை ரயிலைப் பிடித்து ஓடுகிறவள். ஊசியும் கத்திரியும்தான் எனக்குத் தெரிந்த ஆயுதங்கள். இந்த இரண்டு பிஸ்டல்களையும் எனக்குப் பிடிக்காது. மகளுடையது வேலையோடு வந்தது, என்ன செய்ய முடியும்? ஆனால் அவருடைய பழைய பிஸ்டல் என்றைக்காவது எங்கள் மூவரில் ஒருவரைக் கொண்டுபோய்விடும் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை வீட்டை விட்டு அனுப்புங்கள் என்று வருடக்கணக்காகச் சண்டை போட்டேன்.

"அது இல்லன்னா நான் வெறும் வாட்ச்மேன்மே. கைல ஒரு குச்சிய குடுத்து, வரவன் போறவனுக்கெல்லாம் கதவு தொறக்கச் சொல்லுவானுங்க" என்பார்.

ஒரு காலத்தில் தங்கக் கட்டிகள் போகிற வண்டிக்குக் காவலாகப் போன மனிதர். அந்தப் பேச்சில் இருந்த வலி எனக்குப் புரியாமல் இல்லை. அதனாலேயே சண்டை ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடும்.

மகள் லீவில் வந்தால் மற்ற வீடுகளில் மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் அப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து யார் பிஸ்டல் நல்ல பிஸ்டல் என்று பேசுவார்கள். சாப்பாட்டு மேஜையில் அதை வைக்கக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். அதனால் வாயாலேயே பேசுவார்கள்.

"இன்னாம்மா துப்பாக்கி அது? ஒரு சேஃப்டி லீவர் கூட இல்ல. பிரேக் இல்லாத பைக் மாதிரி கீது" என்பார் அவர்.

"பிரேக் உள்ள இருக்குப்பா."

"உள்ள இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? என்னுது பாரு. பின்னாடி அடிக்கற சுத்தியலு கண்ணுக்குத் தெரியுது. இழுத்துக்கினு கீதா, மடங்கிக்கினு கீதான்னு பாத்தவுடனே சொல்லிரலாம். லீவர மேல தள்ளுனா பூட்டு. கீழ எறக்குனா அடியில ஒரு செவப்புப் புள்ளி தெரியும். செவப்பு தெரிஞ்சா ஜாக்கிரதை, தெரியலன்னா நிம்மதி. சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்."

"அந்த லீவரப் போடணும்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கணுமேப்பா. என்னுதுல ஞாபகமே தேவையில்ல. டிரிக்கர் நடுவுல நாக்கு மாதிரி ஒண்ணு இருக்கு. அத வெரல் வச்சு நேரா அழுத்துனாத்தான் டிரிக்கரே நகரும். உள்ள ஒரு ஊசி தோட்டாவக் குத்துது இல்ல, அந்த ஊசிக்குக் குறுக்க ஒரு கட்டை நிக்குது. டிரிக்கர முழுசா இழுத்தாத்தான் அது வழி விடும். மாடியில இருந்து கீழ விழுந்தாலும் வெடிக்காது."

"சரி, டிரிக்கர்ல சட்டைத் துணி மாட்டிக்கினா?"

"வெடிக்கும். அதுல மன்னிப்பே கெடையாது. அதுக்குத்தான் கெட்டியான உறை, அதுக்குத்தான் வெரல எப்பவும் வெளிய வைன்னு ட்ரெயினிங்ல உயிர எடுப்பாங்க."

"பாத்தியா!" என்று என் பக்கம் திரும்பி, கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி சிரிப்பார்.

எனக்கு இரண்டு பேர் பேச்சும் ஒன்றுதான். ஒருநாள் மகள் சொன்னாள், அவர்கள் ஸ்டேஷனில் எல்லோரும் டூட்டியில் குழாய்க்குள் ஒரு தோட்டாவை ஏற்றியே வைத்திருப்பார்கள், உள்ளே அத்தனை பூட்டு இருப்பதால் பயமில்லை என்று. அவர் அதற்கு ஒன்றும் பதில் சொல்லவில்லை. எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவர் அன்றைக்கு ஏன் சும்மா இருந்தார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ரசத்தை இறக்குகிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கோல்டு ஃபீல்டில் தீபாவளியைக்கூடக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், ஆயுத பூஜையை விட மாட்டார்கள். சுரங்க வாய் ஷாஃப்ட்டுக்கும், ஆளை இறக்கி ஏற்றுகிற கேஜுக்கும் வாழை மரம் கட்டிப் பூஜை போட்ட ஊர் இது. சுரங்கம் போன பிறகும் கை சும்மா இருக்காதே. ஸ்பேனர், ஆட்டோ, மிக்சி, செல்போன் சார்ஜர் வரைக்கும் சந்தனம் வைத்துவிடுவோம். எங்கள் வீட்டுப் பலகையில் என் பெரிய கத்திரி, அரிவாள்மனை, அவருடைய பழைய டார்ச், நடுநாயகமாகப் பிஸ்டல். மகளிடம் போனில் கேட்டேன், உன்னுடையதையும் கொண்டு வருகிறாயா என்று. "அது கவர்மெண்ட் சொத்தும்மா, அதுக்குக் குங்குமம் வச்சா எனக்கு மெமோ குடுப்பாங்க" என்று சிரித்தாள்.

அன்று அவர் கடையில் கூட்டம். பண்டிகைக்கு முன்னால் நகையை மீட்கிறவர்கள், வைக்கிறவர்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நான் "பூஜைக்கு நேரமாச்சு, குளிச்சிட்டு வாங்க" என்று விரட்டினேன். அவர் தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பிஸ்டலைப் பலகையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் ஒவ்வொன்றாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தேன். பிஸ்டலில் எங்கே வைப்பது? பிடியில் வைத்தால் கையெல்லாம் ஒட்டும். லீவர் பக்கத்தில் பொட்டு வைக்கிற அளவுக்கு ஒரு இடம் இருந்தது. அழகாக, வட்டமாக, சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். மேலே ஒரு முழம் கதம்பத்தையும் சுற்றிவிட்டேன்.

பூஜை போட்ட ஆயுதத்தை அன்று யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிவிட்டு, அவரவர் கருவியை அவரவர் எடுக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தோம். நான் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்திலேயே உட்கார்ந்து சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தேன். அவர் வலது கையில் கற்பூரத் தட்டோடு, இடது கையால் பிஸ்டலை எடுத்தார். கண்ணாடி போடவில்லை. எடுத்ததைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இன்னாது, செவப்பு தெரியுது? லீவர் எறங்கிக்கினு கீதே" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. இடது கட்டைவிரலால் எதையோ தள்ளினார். பூ நாருக்குள் விரல் சிக்கிக்கொண்டது. சந்தனம் வழுக்கியது.

பிஸ்டல் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, மூக்கு குத்தி, சிமெண்ட் தரையில் விழுந்தது.

ஒரு சத்தம், இரும்புச் சத்தம். அவ்வளவுதான். அது ஒருமுறை துள்ளிப் பக்கவாட்டில் சாய்ந்து, கதம்பத்தோடு கத்தரிக்காய்களுக்கு நடுவில் படுத்துக்கொண்டது. நான் கத்தவில்லை.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. காலி அது. மேகசினக் கழட்டிட்டேன்" என்றார் அவர்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். காலியான துப்பாக்கி விழுந்தால் ஒரு மனிதனுக்கு இப்படி முகம் வெளுக்காது. தட்டில் கற்பூரம் அணைந்துபோயிருந்தது. அவர் குனிந்து எடுக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. "வெடிக்காத குழியப் போயி கைய வச்சித் தோண்டுவாங்களா? நீங்கெல்லாம் மைன்ல வேலை பாத்தவரா?"

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த பாடம். பாறையில் துளை போட்டு வெடி வைத்தால் வெளியே நின்று சத்தத்தை எண்ணுவார்கள். ஒரு சத்தம் குறைந்தாலும் உள்ளே யாரும் போகக் கூடாது. அதற்கு மிஸ்ஃபயர் என்று பெயர். இரண்டு கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வழியில் வைத்துவிட்டு, ஆளை அனுப்பி, தெரிந்தவன் வரும்வரை காத்திருப்பார்கள். சுரங்கத்தில் இறங்காத பெண்களுக்கும் குறுக்குக் கட்டை என்றால் என்னவென்று தெரியும். நான் அரிவாள்மனையை மடக்கிவிட்டு, பிஸ்டலின் வாய் பார்க்கிற பக்கத்தைச் சுற்றிக்கொண்டு எழுந்து, துடைப்பத்தையும் ஒட்டடைக் குச்சியையும் எடுத்துக் கூடத்து வாசற்படியில் குறுக்காகப் போட்டேன். அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

மகள் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்கனவே சொல்லியிருந்தாள். மாலூர் பக்கம் டூட்டி. போன் போட்டு, "உடனே வா, உங்கப்பா துப்பாக்கி கீழ வுழுந்துருச்சி" என்றேன். "யாருக்காவது..." என்று ஆரம்பித்தாள். "யாருக்கும் ஒண்ணும் இல்ல. நீ வா" என்றேன்.

வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தோம். பண்டிகை நாளில், புதுப்புடவையோடு, வீட்டைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவார்களா? எதிர் வீட்டுக்காரி வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, வெளிய குந்திக்கினு கீறீங்க? சண்டையா?"

"வீடு தொடச்சேன். காயட்டும்னு குந்திக்கினு கீறோம்" என்றேன்.

அவள் போனதும் அவர் மெதுவாகச் சொன்னார். "மேகசினத்தான் கழட்டுனேன். குழாய்க்குள்ள ஒண்ணு இருந்திருக்கும்."

"எப்படி இருக்கும்? நீங்க எப்பவும் காலியாத்தான வப்பீங்க?"

"இந்த ஒரு வாரமா ஏத்தி வச்சிருந்தேன். கூட்டம் ஜாஸ்தி. அவங்க ஸ்டேஷன்ல அப்படித்தான் வப்பாங்கன்னு பொண்ணு சொன்னா இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் சொன்னது மகளுடைய பிஸ்டலைப் பற்றி. உள்ளே பூட்டு மேல் பூட்டு இருக்கிற புது மாடல். இவர் அந்தப் பழக்கத்தை மட்டும் கடன் வாங்கி, ஒற்றை லீவர் மட்டும் உள்ள பழசில் மாட்டிக்கொண்டு ஒரு வாரம் இடுப்பில் வைத்துத் திரிந்திருக்கிறார். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. வாய் நிறையத் திட்டு இருந்தது. ஆனால் அவர் கை அணைந்துபோன கற்பூரத் தட்டை இன்னும் விடவில்லை. திட்டுவதற்குப் பதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தெரு பார்க்க நான் அவர் கையைப் பிடித்தது அன்றுதான்.

மகள் வந்து ஜீப்பை விட்டு இறங்கினாள். யூனிஃபார்மில் இருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள். முழுசாக இருக்கிறோம் என்று தெரிந்ததும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. கதவைத் திறந்து, வாசற்படியில் கிடந்த துடைப்பத்தையும் ஒட்டடைக் குச்சியையும் பார்த்தாள்.

"இது யாரு வேலை?"

"நான்தான்."

"கரெக்டா பண்ணியிருக்கம்மா. ஸ்வல்ப நேரம் இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு, அவற்றைத் தாண்டி உள்ளே போனாள்.

டிரிக்கர் பக்கம் விரலே போகாமல் பிஸ்டலை எடுத்தாள். பூவைப் பிய்த்துப் போட்டாள். பின்பக்கக் கதவைத் திறந்தால் காலி நிலமும், அதைத் தாண்டி, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடும்தான். வாயை அந்த மேட்டுப் பக்கம் காட்டியபடி நின்று மேல் பாகத்தைப் பின்னால் இழுத்தாள். ஒரு தோட்டா துள்ளி விழுந்து, உருண்டு, அரிசி டிரம்முக்கு அடியில் போய் நின்றது. வாசற்படியிலிருந்து அதைப் பார்த்ததும் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் அந்தத் தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். அதன் அடிப்பக்கத்தில் சின்னதாகப் பித்தளை வட்டம் ஒன்று இருந்தது. வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. துணியில் ஊசித் தடம் தேடுவதே என் பிழைப்பு. ஊசி இறங்கப் பார்த்து இறங்காமல் விட்ட தடம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

"குத்தியிருக்கும்மா. பத்தல. இன்னும் கொஞ்சம் வேகமா குத்தியிருந்தா..." என்று நிறுத்தினாள். சிமெண்டில் பட்டுச் சிதறுகிற குண்டுக்கு ஒரு சாண் பக்கத்தில் என் முழங்கால் இருந்தது.

"நான் வச்ச பொட்டுதான்" என்றேன் நான். அழுகை வந்துவிட்டது. "செவப்பு தெரியுதுன்னு சொல்லிக்கினே எதையோ தள்ளுனாரு. லீவர் சரியாத்தான் இருந்திருக்கும். என் பொட்டப் பாத்துட்டுத் தெறந்துட்டாரு."

"பொட்டு இல்லமே. நான்தான்" என்றார் அவர். "என் கட்டைவெரலுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன். ஆனா அதெல்லாம் வலது கட்டைவெரலுக்குத்தான் தெரியும் போல."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "பொட்டும் இல்ல, வெரலும் இல்ல. லீவரப் போட்டிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும். உங்க லீவர் பின்னாடி இருக்கற சுத்தியத்தான்பா பூட்டும். உள்ள இருக்கற ஊசிய ஒண்ணும் பண்ணாது. மூக்கு குத்தி விழுந்தா ஊசி அது பாட்டுக்கு முன்னாடி ஓடும். புதுசுல அந்த ஊசிக்குக் குறுக்கதான் கட்டை வச்சிருக்காங்க. இதுல குழாய காலியா வச்சாத்தான் பூட்டு. வேற பூட்டே கெடையாது."

அப்போதுதான் எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார். அவர் ஷாஃப்ட் வாயில் கேஜுக்கு மணி அடிக்கிற வேலை பார்த்தவர். கேஜின் கதவைச் சாத்துவது மனிதன் கையில் இருந்தது. சாத்த மறந்தால் ஆள் போனான். ஆனால் கயிறு அறுந்தால் பிடிப்பதற்குக் கேஜின் இரண்டு பக்கமும் இரும்புப் பற்கள் உண்டு. யாரும் எதையும் அழுத்த வேண்டாம், அதுவாகவே பக்கச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். அந்தப் பல்லைக் கண்ணால் பார்க்காமலேயே ஊர் முழுக்க அதை நம்பி இறங்கி ஏறியது. இவரும்தான் இறங்கினார். அப்படிப்பட்ட மனிதர், கண்ணுக்குத் தெரிகிற லீவர்தான் பாதுகாப்பு என்று பேசிக்கொண்டிருந்தார்.

இதை நான் சொன்னதும் அவர் என் கையிலிருந்த தோட்டாவை வாங்கிப் பார்த்தார். "ஆமா. கதவும் வேணும், பல்லும் வேணும். என்னுதுல கதவு மட்டும்தான் கீது. அதையும் நான் தொறந்து வுட்டுட்டேன்" என்றார். பிறகு நான் வருடக்கணக்காகச் சண்டை போட்டும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை, யாரும் கேட்காமலே வந்தது. "இது வேணாம். ஸ்டேஷன்ல ஒப்படச்சிட்டு லைசென்ச ரத்து பண்ணச் சொல்லிடறேன்."

அன்று மதியம் கத்தரிக்காய் சாம்பார் வைக்க எனக்குத் தெம்பில்லை. ஓட்டலில் வாங்கி வந்த பிரியாணியை மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். விஜயதசமியில் பிரியாணியா என்று யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். உயிரோடு இருக்கிறவர்களுக்குப் பசிக்கும். அத்தனை ருசியான பிரியாணியை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை.

சொன்னபடி அவர் ஒப்படைத்துவிட்டு வந்தார். வெறும் இடுப்போடு வீட்டுக்குள் நுழைந்தபோது ஆள் கொஞ்சம் மெலிந்த மாதிரி தெரிந்தது. கடையில் வேலை போகவில்லை. துப்பாக்கி வைத்திருந்த இன்னொருவரை வாசல் வேலைக்கு எடுத்துக்கொண்டு, இவரை உள்பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கச் சொன்னார்கள். பயந்தது மாதிரியே கையில் ஒரு குச்சியும் கொடுத்தார்கள். முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, நகை மீட்க வருகிற பெண்கள் எல்லாம் அவரிடம்தான் கதை சொல்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். மகள் வந்தால் இப்போதும் அவளுடைய பிஸ்டலைப் பற்றிப் பேச்சு வரும். "வெரல் வெளிய கீதா?" என்று மட்டும் கேட்பார்.

அடுத்த ஆயுத பூஜைக்குப் பலகையைக் கழுவி வைத்தேன். கத்திரி, அரிவாள்மனை, டார்ச். நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவர் குளித்துவிட்டு வந்து, கடையில் கொடுத்த அந்தக் குச்சியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தனத்தைக் குழைத்து, குச்சியின் தலையிலிருந்து கால் வரை எங்கெங்கே இடம் இருந்ததோ அங்கெல்லாம் பொட்டு வைத்தேன்.

"போதும்மே, இன்னா இத்தினி பொட்டு?" என்றார்.

"இது கீழ வுழுந்தா நான் எடுத்துக் குடுப்பேன்" என்றேன்.